எர்மினியா தொட்டால் புளிக்கும்

எல் போல்சோன்
14 ஏப்ரல் 2009

எர்மினியா மதினிக்கு,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நான் விசாரிக்கப் போவதில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவர் வீட்டைக் கெடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை.

போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் த்ரெலெவ் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிப்ரவரியில் நீங்கள் எங்கள் வீட்டைவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன மறுநாளே பின்கொட்டகையைக் காலி செய்து கழுவினேன். சுவர், தரை, அலமாரி, கூரைக் கம்பு எதையும் விடவில்லை. உங்கள் ரொட்டி மாவின் வாசனைகூட அங்கே இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அதன் பிறகு இரண்டு முறை பீர் காய்ச்சினேன். முதல் முறை வினிகர் வாசனை அடித்தது. இரண்டாம் முறை மூடியைத் திறந்தால் மேலே வெள்ளையாக ஆடை கட்டியிருந்தது. நாற்பது லிட்டரையும் சாக்கடையில் ஊற்றினேன். பக்கத்து வீட்டு நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். போவதற்கு முன் என் கொட்டகையில் எதைக் கொட்டிவிட்டுப் போனீர்கள்?

ஜூலை 12 உங்கள் தங்கை டெல்ஃபினாவுக்கு ஐம்பது வயது முடிகிறது. கடை பீர் வேண்டாம், வீட்டு பீர்தான் வேண்டும் என்கிறாள். இன்னொன்றும் கேட்கிறாள். நீங்களும் அந்த மேசையில் உட்கார வேண்டுமாம். அதைப் பற்றி நான் எழுதுவதாக இல்லை.

ஃபௌஸ்தோ

*

த்ரெலெவ்
21 ஏப்ரல்

மாப்பிள்ளை ஃபௌஸ்தோவுக்கு,

உம்முடைய கடிதத்தை நின்றுகொண்டு ஒரு தடவை படித்தேன். உட்கார்ந்து ஒரு தடவை படித்தேன். பிறகு நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த ரொட்டிக்கடையில் அடுப்புப் பக்கம் இருக்கும் பெண்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நாய் வரும் வரியில் ஒருத்தி சிரித்து மாவுச் சட்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

ஆக, நான் இங்கே இருக்கிறேன். நடுவே ஒரு பகல் முழுக்க பஸ் ஓடும் பொட்டல்காடு கிடக்கிறது. இருந்தும் உம்முடைய பீர் புளிக்கிறது. என் கைக்கு இவ்வளவு நீளம் இருப்பது எனக்கே தெரியாது. தெரிந்திருந்தால் அங்கிருந்தே உம் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன்.

உமக்கு மறந்திருக்கும், நான் ஞாபகப்படுத்துகிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, கறி சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீர் வீட்டு பீரில் ஒரு மிடறு குடித்தீர், முகத்தைச் சுளித்தீர், மிச்சத்தைப் புல்லில் ஊற்றினீர். அப்புறம் சொன்னீர்: “எர்மினியா தொட்டா புளிக்கும்பா. அந்தக் கை பூராவும் மாவு நாத்தம்.” உம்முடைய கூட்டாளி செனோன் மேசையைத் தட்டிச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். டெல்ஃபினா மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் என்னிடம் ரொட்டி வாங்க வந்தவர்கள் முதலில் என் நகத்தைப் பார்த்தார்கள், பிறகுதான் ரொட்டியைப் பார்த்தார்கள். அதற்கடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை. என் பிழைப்பு போனது அந்த ஒரு வார்த்தையால்தான்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதே மேசையில், அதே ஆட்கள் முன்னால், அந்த வார்த்தையைத் திரும்ப எடும். எடுத்தால் வருகிறேன். இல்லையென்றால் என் தங்கைக்கு இங்கிருந்தே கேக் அனுப்புகிறேன். உமக்கு அதில் ஒரு துண்டும் கிடையாது.

எர்மினியா

பி.கு.: கழுவினேன், கழுவினேன் என்கிறீரே, எதால் கழுவினீர்? உமக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்பிரிட் நிரப்பிய அந்தத் தெளிப்பான்தானே. பிள்ளைக்குத் திருஷ்டி கழிப்பது மாதிரி வாளியைச் சுற்றி மூன்று தரம் புஸ் புஸ்ஸென்று அடிப்பீர்.

*

எல் போல்சோன்
2 மே

எர்மினியா மதினிக்கு,

வார்த்தையைத் திரும்ப எடுக்கும் பேச்சே இல்லை. நான் சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். புளித்த மாவை வாரம் முழுக்க ஜாடியில் வைத்துச் செல்லப்பிள்ளைபோல் வளர்க்கிற பெண்மணி, அதே கையோடு வந்து பீர் வாளியைத் திறந்தால் என்ன ஆகும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

நான் எப்படிக் கழுவுகிறேன் என்று கேட்டீர்கள். இருபத்திரண்டு வருடமாக, பீருக்குக் கசப்பு கொடுக்கும் ஹாப்ஸ் பூவை உலர்த்தும் சூளையில் வேலை பார்ப்பவன் நான். இந்தப் பள்ளத்தாக்கில் விளையும் ஹாப்ஸில் பாதி என் கண்முன்தான் காய்கிறது. எனக்குப் பாடம் வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். புட்டியில் அடைத்து முடித்ததும் வாளியைச் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு மெத்தென்ற ஸ்பாஞ்சால் துடைக்கிறேன். அலசிக் கவிழ்த்துவைக்கிறேன். மறுபடி காய்ச்சும் நாளில் அயோடின் மருந்து கலந்த தண்ணீரை நிரப்பி, மூடி, குழாய், கரண்டி எல்லாவற்றையும் அதிலேயே ஊறப்போடுகிறேன். ஸ்பிரிட் தெளிப்பது அதற்கும் மேலே, ஒரு திருப்திக்காக.

நான் சூளையில் ராச்சாப்பாட்டு நேரம்வரை மாட்டிக்கொண்டால் டெல்ஃபினா வாளிகளைக் கழுவிவைப்பாள். அவளைப்போல் சுத்தக்காரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அக்காவுக்குக் கிடைக்காதது தங்கைக்குக் கிடைத்திருக்கிறது.

மூன்றாவது வாளி இப்போது நுரைத்துக்கொண்டிருக்கிறது. வாசனை நன்றாகவே இருக்கிறது. இது தேறிவிட்டால் உங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் எனக்கில்லை.

ஃபௌஸ்தோ

*

த்ரெலெவ்
9 மே

மாப்பிள்ளைக்கு,

தேறாது.

நான் ஜோசியம் சொல்லவில்லை. நுரைக்கும்போது எல்லா வாளியும் நன்றாகத்தான் மணக்கும். நல்ல ஈஸ்ட் வேலையை முடித்துவிட்டுப் படுத்த பிறகுதான் திருட்டுக் கிருமி எழுந்து சாப்பிட உட்காரும். ஹாப்ஸ் காய்வதைப் பார்த்தால் பீர் காய்ச்சத் தெரிந்துவிடும் என்றால், உம்முடைய சூளையில் படுத்திருக்கும் பூனை இந்நேரம் மதுபானக் கம்பெனி திறந்திருக்கும்.

உமக்கு நான் பத்து வருடமாகச் சொல்லி, நீர் பத்து வருடமாகக் காதில் வாங்காத ஒன்றை இன்னொரு தரம் சொல்கிறேன். கழுவுவது வேறு, கிருமியைக் கொல்வது வேறு. அழுக்கு ஒட்டியிருக்கிற இடத்தில் மருந்து ஊற்றினால் மருந்து அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோகும். அடியில் இருக்கும் கிருமி சுகமாக இருக்கும். அதனால் முதலில் அழுக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாரும். வாளியின் அடியில் இருக்கும் குழாயை என்றைக்காவது கழற்றியிருக்கிறீரா? முழுசாக, ஒவ்வொரு துண்டாக? கழற்றிக் கொதிக்க வையும்.

இன்னொன்று. கண்ணாடிக் குடுவையில் காய்ச்சிய காலத்தில் நமக்கு ஒரு சொட்டும் கெட்டதில்லை. நீர் ஒன்றைக் காலில் போட்டுக்கொண்டு நொண்டினீர், அதற்கப்புறம் பிளாஸ்டிக் வாளி வாங்கினோம். புளிப்பு ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் அதற்குள் எந்த மருந்தும் போகாது. வெள்ளை வாளியில் கீறல் கண்ணுக்கும் தெரியாது. கொஞ்சம் பஞ்சை எடுத்து உட்சுவரில் மெதுவாகத் தேய்த்துப் பாரும். பஞ்சு வழுக்கிக்கொண்டு போனால் வாளி நல்லது. சிக்கினால் வாளி குப்பைக்கு.

நான் உமக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர். என் தங்கை அவளுடைய பிறந்தநாளில் வினிகர் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எர்மினியா

*

எல் போல்சோன்
20 மே

மதினிக்கு,

குழாயைக் கழற்றினேன். உள்ளே பளிச்சென்று இருந்தது. நான் மாதம் ஒரு தரம் கழற்றுகிறேன். இருந்தும் உங்கள் வார்த்தைக்காகக் கழற்றினேன், அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பஞ்சு வைத்துத் தேய்த்துப் பார்க்க நான் என்ன நர்ஸா? வாளிக்கு ஊசி போடுவதற்கு முன்பா பின்பா?

மூன்றாவது வாளியும் போய்விட்டது.

ஃபௌஸ்தோ

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் பஞ்சு வைத்துப் பார்த்தேன். சிக்கியது. அடிப்பக்கத்திலிருந்து ஒரு சாண் உயரம்வரை வட்டம் வட்டமாகப் பஞ்சு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்று வாளியிலும் அப்படித்தான். நான் மெத்தென்ற ஸ்பாஞ்சைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. ஆக, இது யார் வேலை என்று இப்போது வெளிச்சமாகிவிட்டது. மாவு வழிக்கிற அந்தத் தகட்டால் என் வாளிகளைச் சுரண்டியிருக்கிறீர்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

*

த்ரெலெவ்
27 மே

மாப்பிள்ளைக்கு,

என்ன சொல்கிறேன் என்றா? உம்மைக் கட்டிக்கொண்டவள் பாவம் என்று சொல்கிறேன்.

மாவு வழிக்கிற தகடு நேர்கோடாக இருக்கும். வளைந்த வாளியில் அதை வைத்து வட்டம் போட முடியாது. நீரே ஒன்றை வாங்கிப் பாரும். வட்டமாகக் கீறியது வட்டமான ஒரு சாமான். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், இரண்டு கண் இருந்தால் போதும். உமக்கு இருக்கும் இரண்டும் மற்றவர்கள் நகத்தைப் பார்ப்பதற்கே சரியாக இருக்கிறது.

புது வாளி ஒன்று வாங்கி, கொட்டகையில் வைக்காமல் பூட்டி வையும். பழைய வாளி கழுவுகிற நாளில் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே நில்லும். தெளிப்பானைத் தூக்காதீர், யாருக்கும் உபதேசம் செய்யாதீர். வாயை மூடிக்கொண்டு பாரும். உமக்கு அது கஷ்டம்தான், ஆனாலும் முயற்சி செய்யும்.

எர்மினியா

*

எல் போல்சோன்
7 ஜூன்

மதினி,

பார்த்தேன்.

உங்களிடம் இதை எழுதுவதற்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் எழுதுவதற்கு வேறு ஆள் இல்லை.

நேற்று சூளைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு விறகுக் குவியலுக்குப் பின்னால் நின்றேன். டெல்ஃபினா கொட்டகைக்கு வந்தாள். நான் துடைத்துவைத்திருந்த வாளியை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கவுனின் பையிலிருந்து சாப்பாட்டு ஸ்பூனை எடுத்தாள். சுரண்டினாள். மாத்தே தேநீர் குடிக்கப் புதுச் சுரைக்குடுக்கை வாங்கினால் நம் பெண்கள் எப்படி உள்ளே ஸ்பூனைவிட்டுச் சுற்றிச் சுற்றிச் சுரண்டிப் பழக்குவார்களோ, அப்படியே சுரண்டினாள். அவசரமே இல்லை. பாட்டு வேறு முணுமுணுத்தாள்.

நான் போய் நின்றேன்.

“என்னடி பண்ற?”

“பாத்தா தெரியல? வாளியப் பழக்குறேன். நீ ஸ்பாஞ்ச வெச்சுப் பூனைக்குட்டியத் தடவுற மாதிரி தடவிட்டுப் போயிடுற. நுரை காஞ்சு ஒட்டுனது எப்படிப் போகும்? இந்த வாளி வாங்குன நாள்ல இருந்து நான்தான் பாத்துக்கறேன்.”

“எப்ப எல்லாம்?”

“நீ கழுவுனதுக்கப்புறம், ஒவ்வொரு தடவையும். நல்லாச் சுரண்டுனா தானே குடுக்கை ருசியப் பிடிக்கும்? இதுவும் அப்படித்தானே. அக்கா இருந்தப்ப அவளுக்குக்கூடத் தெரியாது.” பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஏன் மூஞ்சி அப்படிப் போகுது? புகை ஏதும் பட்டுச்சா?”

புகை பட்டது என்றேன்.

அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. நீங்கள் போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்கள் நாற்காலியை யாரையும் நகர்த்தவிடுவதில்லை. அக்கா போனது தன் ஸ்பூனால்தான் என்று எப்படிச் சொல்வேன்? சொல்லாவிட்டால் உங்கள் பேரை எப்படித் துடைப்பேன்? கை காரணமில்லை என்றால், வேறு எது காரணம் என்று மேசையில் எல்லோரும் கேட்பார்களே.

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

ஃபௌஸ்தோ

*

த்ரெலெவ்
13 ஜூன்

மாப்பிள்ளைக்கு,

சிரிக்கவில்லை. படித்துவிட்டு அழுதேன். அது உமக்காக இல்லை, கனவு காண வேண்டாம். மடியில் வாளியை வைத்துக்கொண்டு பாட்டு பாடினாள் என்று எழுதியிருக்கிறீரே, அந்த இடத்தில்தான்.

அவளுக்குத் தெரியக் கூடாது. நான் ஊரைவிட்டு வந்ததற்கு அவள்தான் காரணம் என்று தெரிந்தால் அவள் அதைச் சாகும்வரை சுமப்பாள். அவள் அப்படித்தான், நமக்கிருக்கும் தடித்த தோல் அவளுக்கில்லை.

கேள்வி கேட்பார்களே என்று பயப்படுகிறீர். பதில் உம் எதிரிலேயே இருக்கிறது, கண்ணாடியில் முகத்தைப் பாரும். சுரண்டியது நீர்தான் என்று இருக்கட்டும். பிறந்தநாள் மேசையில் எழுந்து நின்று சொல்லும்: எர்மினியா கையில் ஒரு குற்றமும் இல்லை, நான்தான் அறிவில்லாமல் ஸ்பூனை வைத்து வாளியைச் சுரண்டிக் கெடுத்தேன், பழியை அவள்மேல் போட்டேன். எல்லோரும் நம்புவார்கள். உம்மைப் பற்றிக் கேவலமாக எதைச் சொன்னாலும் ஊரில் நம்புகிற அளவுக்கு நீரே உழைத்து வைத்திருக்கிறீர்.

புது வாளியில் காய்ச்சும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் காய்ந்த நுரை தானாகக் கழன்று வரும், சுரண்டவே வேண்டாம். புட்டிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே மருந்தில் போடும். டெல்ஃபினாவிடம், புது வாளியைப் பழக்கித்தான் விற்கிறார்கள், ஸ்பூன் பட்டால் காரண்டி போய்விடும் என்று சொல்லும். அவளுக்குக் காரண்டி என்றால் பயம்.

நான் வரவில்லை. நீர் பொய் சொல்லும்போது என் முகம் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கேக் அனுப்புகிறேன்.

எர்மினியா

*

எல் போல்சோன்
14 ஜூலை

மதினிக்கு,

சொல்லிவிட்டேன்.

கறி வெந்து, எல்லோரும் உட்கார்ந்து, முதல் புட்டியைத் திறந்தோம். பீர் நன்றாக வந்திருந்தது. தெளிவு, நுரை, கசப்பு எல்லாம் கச்சிதம். செனோன் எழுந்து, “பாத்தியா, மதினி போனா, பீர் தேறிடுச்சு!” என்று குவளையைத் தூக்கினான். அப்போதே எழுந்தேன். நீங்கள் எழுதியதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். அறிவில்லாமல் என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

செனோன் முதலில் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவனும் நிறுத்திவிட்டான். ரொட்டி வாங்குவதை நிறுத்திய பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையில் நான் குறுகிப்போனேன்.

ஆனால் டெல்ஃபினாவைப் பற்றி நாம் இருவரும் யோசிக்கவே இல்லை, மதினி. அவள் கத்தியைத் தட்டில் வைத்தாள். நிதானமாக எழுந்தாள்.

“நீயா? நான் பழக்கிப் பழக்கி வெச்ச வாளியில நீ போய் ஸ்பூன வெச்சுக் கண்டபடி கீறுனியா? சுரண்டத் தெரியாதவன் ஏன்யா சுரண்டுற? உன் கைத் திமிருக்கு எங்கக்கா ஊரவிட்டுப் போகணுமா?”

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. என் சாப்பாட்டை அடுப்பின்மேல் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். இன்று காலை பெட்டியை எடுத்து அடுக்கினாள். வியாழக்கிழமை பஸ்ஸில் உங்களிடம் வருகிறாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அது நான் எப்போது மனிதனாகிறேன் என்பதைப் பொறுத்தது என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலைக் குளிர் அதிகம், அவளுக்குக் காது வலிக்கும். அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம். இப்படியே இருக்கட்டும்.

ஃபௌஸ்தோ

*

த்ரெலெவ்
22 ஜூலை

மாப்பிள்ளைக்கு,

வந்து சேர்ந்தாள். காதுக்குத் துணி கட்டியிருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். ஊரிலிருந்து இரண்டு பேர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி, எப்போது திரும்பி வந்து ரொட்டி சுடப் போகிறாய் என்று கேட்டிருக்கிறாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. நன்றி என்று எழுத மாட்டேன், அதற்கு இன்னும் வருடங்கள் ஆகும்.

ஆனால் என் பாடு என்னவென்று உமக்குத் தெரியுமா? காலையில் மாவு பிசையும்போது ஆரம்பிக்கிறாள். “அந்த மனுஷன் இருக்கானே...” என்று எடுத்தால், கடைசி ரொட்டி அடுப்பைவிட்டு இறங்கும்வரை ஓய்வதில்லை. உம்முடைய முட்டாள்தனம், உம்முடைய திமிர், உம்முடைய தெளிப்பான், குறட்டை, ஸ்பூன், எதையும் விடவில்லை. பதினோரு வருடமாக நான் மனசுக்குள் திட்டியதையெல்லாம் அவள் வாய்விட்டுத் திட்டுகிறாள். ஒவ்வொன்றும் உண்மை. அந்த ஸ்பூன் ஒன்றைத் தவிர.

முதல் இரண்டு நாள் ருசித்துக் கேட்டேன். மூன்றாம் நாள் ரொட்டி வாங்க வந்தவர்களிடமும் சொல்ல ஆரம்பித்தாள். நேற்று, கடை நிறைய ஆள் இருக்கும்போது, “எங்கக்கா பேரக் கெடுத்த அந்த மாதிரி ஈனப்பயல உலகத்துலயே பாக்க முடியாது” என்றாள். நான் மாவுக் கையோடு திரும்பினேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது.

“போதும் விடு டெல்ஃபினா. அவ்வளவு கெட்ட மனுஷன் ஒண்ணும் இல்ல அவன்.”

என் தங்கை என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அடுப்புப் பக்கம் இருந்த பெண்களும் பார்த்தார்கள், உம்முடைய கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்கள் ஆயிற்றே. எனக்கு முகமெல்லாம் சூடேறியது.

அந்த மேசையில் நீர் என்னைச் சொன்னதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். என் வாயாலேயே இதைச் சொல்ல வைத்தீரே, அதை மன்னிக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து உம் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போம். எனக்கும் ஒரு டிக்கெட் எடும்.

எர்மினியா